பதினெட்டு நாள் லீக்

சனிக்கிழமை மாலைகளில் ஓர் இடைநிலைப்பள்ளியின் பெண்கள் காற்பந்து அணிக்கு உதவிப் பயிற்றுநராகப் போகிறேன். மூன்று வாரங்களுக்கு முன்பு பயிற்சி முடிந்து, திடலில் கிடந்த கூம்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது எங்கள் அணியின் இடப்பக்க ஆட்டக்காரி பின்னாலேயே வந்தாள். நான்காம் படிவ மாணவி. வேகமான கால், வாய் மட்டும் அதிகம் பேசாது. அன்று பேசினாள்.

"அக்கா, எஸ்.பி.எம். முடிஞ்சதும் நான் எங்க விளையாடுறது?"

மாநில அணித் தேர்வுக்குப் போகலாம் என்றேன். வழக்கமாக எல்லாரும் சொல்லும் பதில்தான். அவள் விடவில்லை.

"அது வருஷத்துல ஒரு தடவை. வாரா வாரம் எங்க விளையாடுறது?"

என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியை நானே ஒரு காலத்தில் கேட்டவள். ஐந்தாம் படிவம் வரை பள்ளி அணியில் நடுக்கள ஆட்டக்காரி. மாவட்டப் பள்ளிகளுக்கிடையிலான போட்டியில் இரண்டு முறை இறுதியாட்டம் வரை போனோம். எஸ்.பி.எம். முடிந்தது, அதோடு எல்லாம் நின்றது. எங்கள் ஊரில் ஆண்களுக்கு மூன்று குழுக்கள் இருந்தன. பெண்களுக்கு ஒன்றுகூட இல்லை. அம்மா கடன் சொல்லி வாங்கித் தந்த காலணியைப் பெட்டியோடு கட்டிலுக்கு அடியில் வைத்தேன். இரண்டு ஆண்டு கழித்து எடுத்துப் பார்த்தால் பசை விட்டு அடிப்பாகம் தனியாக வந்துவிட்டது. ஓர் ஆட்டம்கூட ஆடாமலே தேய்ந்த காலணி அது.

இப்போது பல்கலைக்கழகத்தில் விளையாட்டு நிர்வாகம் படிக்கிறேன். இந்தத் தவணையில் ஆசிய நாடு ஒன்றின் மகளிர் லீக்கை எடுத்து, அது எப்படி வளர்ந்தது என்று எழுதச் சொன்னார் விரிவுரையாளர். வகுப்பில் பாதிப் பேர் ஜப்பானை எடுத்தார்கள். நான் இந்தியாவை எடுத்தேன். பாட்டியின் பூர்வீகம் மதுரைப் பக்கம். அந்த மதுரையின் கிளப் ஒன்று இந்தியாவின் மகளிர் லீக்கில் வெற்றியாளராக வந்திருக்கிறது என்று எங்கோ படித்த ஞாபகம். அவ்வளவுதான் காரணம். ஆனால் படிக்கப் படிக்க, திடலில் அந்தப் பெண் கேட்ட கேள்வியைத்தான் ஒரு பெரிய நாடு நாற்பது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தது என்று தெரிந்தது.

கோழிக்கோட்டில் ஒரு வெள்ளி

இந்தியப் பெண்கள் காற்பந்து ஆடத் தொடங்கியது நேற்று இன்றல்ல. 1975-இல் மகளிருக்கென்று தனிச் சம்மேளனம் அமைந்தது. முதல் தேசியப் போட்டியும் நடந்தது. 1980-இன் தொடக்கத்தில் கேரளத்தின் கோழிக்கோட்டில் நடந்த ஆசிய மகளிர் போட்டியில் இந்தியா இறுதியாட்டம் வரை போய் இரண்டாம் இடம் பெற்றது. 1983-இல் பாங்காக்கில் மறுபடியும் இரண்டாம் இடம். அந்தப் போட்டியில் மூன்றாம் இடம் யாருக்கு என்று பார்த்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம் மலேசியாவுக்கு! நான்காம் இடம் சிங்கப்பூருக்கு. உங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்குத் தெரியாது.

அந்தத் தலைமுறையின் சாந்தி மல்லிக் 1983-இல் அர்ஜுனா விருது பெற்றார். பெண் காற்பந்து வீராங்கனை ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை. அவருக்குப் பிறகு அதே விருதைப் பெற்ற பெண் காற்பந்து வீராங்கனை மணிப்பூரின் ஒய்னம் பெம்பெம் தேவி, ஆண்டு 2017. இரண்டு விருதுகளுக்கும் நடுவே 34 ஆண்டுகள். இந்த இடைவெளியில் இந்தியாவில் திறமையான பெண்களே பிறக்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். அவர்கள் ஆட ஆண்டு முழுவதும் ஆட்டம் இல்லை. மாநிலங்கள் மோதும் தேசியப் போட்டி ஆண்டுக்கு ஒரு முறை வரும். பெரும்பாலும் மணிப்பூர் வெல்லும். எல்லாரும் ரயிலேறி வீட்டுக்குப் போவார்கள். நம்முடைய துன் ஷரிஃபா ரொட்சியா கிண்ணத்தைப் பற்றி அறிந்தவர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது.

கிண்ணப் போட்டி வேறு, லீக் வேறு. இதை என் மாணவிகளுக்கு நான் விளக்குவது இப்படித்தான்: கிண்ணம் என்பது கல்யாண விருந்து, லீக் என்பது வீட்டுச் சாப்பாடு. விருந்தில் சாப்பிட்டு யாரும் உடம்பு வளர்த்ததில்லை.

2017: ஆறு அணிகள், ஒரே அரங்கம்

இந்தியன் மகளிர் லீக்கின் முதல் இறுதிச் சுற்று 2017 ஜனவரி 28-இல் டில்லியின் அம்பேத்கர் அரங்கில் தொடங்கியது. பிப்ரவரி 14-இல் முடிந்தது. விரல் விட்டு எண்ணினேன்: பதினெட்டு நாள். ஆறு அணிகள். வென்றது மணிப்பூரின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியன்; இறுதியாட்டத்தில் ஒடிசாவின் ரைசிங் ஸ்டூடண்ட்ஸ் கிளப்பை 3-0 என்று தோற்கடித்தது. சற்று முன்னர் சொன்ன பெம்பெம் தேவி அந்த மணிப்பூர் அணியில்தான் இருந்தார். தம் ஆட்ட வாழ்க்கையின் கடைசிக் கட்டத்தில் ஒரு தேசிய லீக்கைப் பார்த்துவிட்டார். சென்னையிலிருந்து ஜேப்பியார் கல்லூரி அணி வந்திருந்தது. ஹரியானாவின் அலக்புரா என்ற கிராமத்துப் பெண்களும் ஓர் அணியாக வந்திருந்தார்கள். ஒரு கிராமத்தின் பெயர் தேசிய லீக்கின் அட்டவணையில்! அந்த ஒரு வரியை நான் பலமுறை படித்தேன்.

ஆனாலும் அது லீக்கா என்று கேட்டால், பெயரளவில்தான். எல்லா அணிகளையும் ஓர் ஊருக்கு வரவழைத்து, விடுதியில் தங்கவைத்து, ஒரே திடலில் ஆடவைத்து அனுப்புவது. செலவு குறைவு, அதில் குறை சொல்ல முடியாது. பணம் இல்லாத சங்கம் வேறெப்படித் தொடங்கும்? ஆனால் ஆட்டக்காரியின் பக்கமிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். அதிகபட்சம் ஏழு ஆட்டங்கள், பதினெட்டு நாளுக்குள். இரண்டு அல்லது மூன்று நாளுக்கு ஓர் ஆட்டம். கணுக்கால் சுளுக்கினால் அவளுடைய அந்த ஆண்டு லீக் முடிந்தது, ஏனென்றால் கால் சரியாவதற்குள் லீக் முடிந்துவிடும். ஓர் ஆட்டத்தில் செய்த தவற்றை அடுத்த வாரப் பயிற்சியில் திருத்த முடியாது. அடுத்த வாரம் என்ற ஒன்றே இல்லை. பதினெட்டு நாளுக்கு ஒருத்தியை வேலைக்கு வைத்துக்கொண்டு ஆண்டுச் சம்பளம் தர எந்தக் கிளப்பும் முன்வராது. சொந்த ஊரில் ஆட்டமே இல்லாததால், அவள் ஆடுவதை அவளுடைய தங்கையோ பக்கத்து வீட்டுச் சிறுமியோ பார்க்கவும் முடியாது.

அடுத்த ஆண்டுகளிலும் இதே ஏற்பாடுதான். 2018-இல் ஷில்லாங், 2019-இல் லூதியானா, 2020-இல் பெங்களூரு. ஊர் மாறியது, முறை மாறவில்லை.

மதுரை வென்ற மே மாதம்

லூதியானாவில் நடந்தது எனக்கு நெருக்கமான கதை. 2019 மே 5 முதல் 22 வரை. அதுவும் சரியாகப் பதினெட்டு நாள்! பஞ்சாபில் மே மாதம் என்றால் வெயில் 40 பாகையைத் தொடும். அந்த வெயிலில் பன்னிரண்டு அணிகள் மோதின. இறுதியாட்டத்தில் மதுரையின் சேது எஃப்சி, மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்றது. பாட்டியிடம் இதைச் சொன்னேன். "மதுரைப் பொண்ணுங்களா? பந்தா?" என்றார். பிறகு, "யாருடி சோறு போடுறா அவங்களுக்கு?" என்று கேட்டார்.

பாட்டி கேட்டது என் ஆய்வறிக்கையில் இருக்கவேண்டிய கேள்வி. யார் சோறு போடுகிறார்கள்?

கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசனை எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய தேசிய அணியின் நடுக்கள வீராங்கனை. கடலூர் மாவட்டம் 2004 சுனாமியில் அடிபட்ட மாவட்டம். அங்கே பெற்றோரை இழந்த பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு காற்பந்து சொல்லிக்கொடுத்த அகாடமி ஒன்றிலிருந்து தமிழ்நாட்டு அணிக்குப் பல பெண்கள் வந்தார்கள். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த தேசியப் போட்டியின் இறுதியாட்டத்தில் தமிழ்நாடு மணிப்பூரை 2-1 என்று வென்று, முதல்முறையாக அந்தப் பட்டத்தைப் பெற்றது. இவ்வளவு வளமான மண்ணிலிருந்து வந்த இந்துமதியின் மாதச் சம்பளம் எங்கிருந்து வந்தது தெரியுமா? தமிழ்நாடு காவல்துறையிலிருந்து. அவர் உதவி ஆய்வாளர். 2020-இல் கோவிட் ஊரடங்கின்போது தேசிய அணியின் மற்றவர்கள் வீட்டு மாடியில் பந்தைத் தட்டிக்கொண்டிருக்க, அவர் சென்னையில் சீருடையோடு சாலையில் கடமையில் நின்றார்.

மணிப்பூரின் பாலா தேவியும் அப்படித்தான். மணிப்பூர் காவல்துறையின் ஆட்டக்காரி. 2020 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கிளப் அவரை ஒப்பந்தம் செய்தது. வெளிநாட்டில் தொழில்முறை ஒப்பந்தம் பெற்ற முதல் இந்தியப் பெண் காற்பந்து வீராங்கனை என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ முப்பது. பதினைந்து வயதில் தேசிய அணிக்கு வந்த ஒருவருக்குக் காற்பந்தை மட்டுமே தொழிலாகக் கொள்ளும் வாய்ப்பு முப்பது வயதில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் கிடைத்தது. செய்தியைக் கொண்டாடலாம்தான். எனக்குக் கொஞ்சம் கோபமும் வந்தது.

காவல்துறை வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்த வேலைகள் இல்லாவிட்டால் இந்திய மகளிர் காற்பந்து எப்போதோ படுத்திருக்கும். ஆனால் வேலை கிடைத்தவர்கள் ஆடினார்கள். கிடைக்காதவர்கள் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் காணாமல் போனார்கள். அவர்களுடைய பெயர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

ஒரே வாரத்தில் இரண்டு செய்திகள்

கோவிட் காரணமாக அடுத்த பருவம் நடக்கவில்லை. 2022 ஏப்ரல் 15 முதல் மே 26 வரை புவனேஸ்வரில் லீக் திரும்ப வந்தபோது ஒரு முன்னேற்றம்: அரையிறுதி, இறுதி எல்லாம் இல்லை. பன்னிரண்டு அணிகளும் ஒன்றோடு ஒன்று மோதின. ஆளுக்குப் பதினோரு ஆட்டங்கள். கடைசி நாளில் சேது எஃப்சியும் கேரளத்தின் கோகுலம் கேரளாவும் சந்தித்தன. அதுவரை இரண்டுமே ஆடிய பத்து ஆட்டங்களிலும் வென்றிருந்தன. கதாசிரியர்கூட இப்படி எழுதத் தயங்குவார்! மூன்றாவது நிமிடத்திலேயே சேது கோல் போட்டது. பிறகு கோகுலம் மூன்று கோல்களைத் திருப்பிப் போட்டு 3-1 என்று வென்றது. நான் இதை யூடியூப் பதிவில்தான் பார்த்தேன். முடிவு தெரிந்தும் சேதுவுக்காக நகத்தைக் கடித்தேன்.

கோகுலத்துக்கு அந்த வெற்றியால் ஆசிய மகளிர் கிளப் போட்டிக்குப் போகும் வாய்ப்பு கிடைத்தது. 2022 ஆகஸ்டில் அணி உஸ்பெகிஸ்தானின் தாஷ்கண்டில் போய் இறங்கியது. அதே நேரத்தில் ஃபிஃபா இந்தியக் காற்பந்துச் சம்மேளனத்தை இடைநீக்கம் செய்தது. சங்கத்தின் நிர்வாகத்தில் வெளியார் தலையீடு இருக்கிறது என்பது காரணம். சங்கத்துக்குத் தடை என்றால் அதன் கிளப்புகளுக்கும் தடை. ஆட்டக்காரிகள் தாஷ்கண்டு விடுதியில் உட்கார்ந்திருந்தார்கள். கிளப் பிரதமர் வரைக்கும் முறையிட்டுப் பார்த்தது, பலனில்லை. ஆகஸ்டு முடிவதற்குள் தடை நீங்கிவிட்டது. ஆனால் அதற்குள் அவர்களுடைய இடம் போய்விட்டது. ஒரு பந்தைக்கூட உதைக்காமல் திரும்பினார்கள். நிர்வாகிகளின் சண்டையில் முதலில் அடிபடுவது யார் என்று விளையாட்டு நிர்வாகம் படிக்கும் எங்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

அதே வாரத்தில் இன்னொரு செய்தி. கோகுலத்துக்காக அந்த இறுதிநாள் ஆட்டத்தில் கோல் போட்ட மனிஷா கல்யாண், சைப்ரஸின் அப்போலோன் கிளப்புக்கு மாறியிருந்தார். அந்தச் சீருடையில் அவர் ஐரோப்பிய மகளிர் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிய முதல் இந்தியர் ஆனார். சொந்த நாட்டின் கிளப்பில் இருந்திருந்தால் தாஷ்கண்டு விடுதியில்தான் இருந்திருப்பார்.

வீட்டுத் திடல், வெளித் திடல்

2023-இல் அகமதாபாத்தில் பதினாறு அணிகளோடு மறுபடியும் பழைய முறை. கோகுலம் மூன்றாவது முறையாக வென்றது. அந்த ஆண்டுதான் இரண்டு முடிவுகள் எடுக்கப்பட்டன. எனக்குத் தெரிந்தவரை இந்தக் கதையின் திருப்பம் எந்தக் கோலிலும் இல்லை. இந்த இரண்டு முடிவுகளில்தான் இருக்கிறது.

முதலாவது சம்பளம். லீக்கின் மேல்நிலையில் ஆடும் எட்டு அணிகள் ஒவ்வொன்றும் குறைந்தது பத்து இந்திய ஆட்டக்காரிகளுடனாவது ஒப்பந்தம் செய்யவேண்டும். ஆண்டுக்குக் குறைந்தபட்சம் 3 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். நம் கணக்கில் அப்போது மாதம் சுமார் 1,500 வெள்ளி. அந்த ஆண்டில் நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளமும் 1,500 வெள்ளிதான். பெரிய தொகை இல்லை. யாரும் இதில் வீடு வாங்கிவிட முடியாது. ஓர் அணிக்குப் பத்துப் பேர் என்பதால் மீதிப் பேருக்கு உத்தரவாதமும் இல்லை. ஆனால் "காற்பந்து ஆடினால் மாதம் இவ்வளவு" என்று ஓர் அப்பாவிடம் சொல்ல ஓர் எண் கிடைத்தது. எண் இல்லாத இடத்தில்தான் "போதும், படிப்பைப் பார்" என்ற பேச்சு வரும். எங்கள் வீட்டில் வந்தது.

இரண்டாவது, வீட்டுத் திடல் முறை. 2023 டிசம்பரில் தொடங்கிய பருவத்தில் ஏழு அணிகள். ஒவ்வொன்றும் மற்ற அணிகளைச் சொந்த ஊரில் ஒரு முறை, எதிரணியின் ஊரில் ஒரு முறை சந்திக்கவேண்டும். ஆளுக்குப் பன்னிரண்டு ஆட்டங்கள், மார்ச் வரை. வென்றது ஒடிசா எஃப்சி. அடுத்த பருவத்தில் எட்டு அணிகள், பதினான்கு ஆட்டங்கள். ஜனவரியில் தொடங்கி ஏப்ரலில் முடிந்தது. இம்முறை கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால். கீழே இரண்டாம் நிலை லீக் ஒன்றும் வந்துவிட்டது. அதிலிருந்து ஸ்ரீபூமி, நீதா என்ற இரண்டு அணிகள் மேலே ஏறி வந்தன.

பதினெட்டு நாளிலிருந்து மூன்று மாதத்துக்கு மேல். அட்டவணையைப் பார்ப்பவர்களுக்கு இது வெறும் தேதி மாற்றம். ஆட்டக்காரிக்கு அப்படியில்லை. ஒரு வாரத்துக்கு ஓர் ஆட்டம் என்றால் இடையில் ஐந்து நாள் பயிற்சி. கணுக்கால் சுளுக்கினால் இரண்டு ஆட்டம் போகும், மூன்றாவதுக்கு வந்துவிடலாம். பயிற்றுநர் எதிரணியின் பதிவைப் போட்டுப் பார்த்துத் திட்டமிடலாம். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பதினேழு வயது மாற்று ஆட்டக்காரிக்கும் கடைசிப் பத்து நிமிடம் கிடைக்கும். ஏழே ஆட்டங்கள் இருக்கும்போது எந்தப் பயிற்றுநரும் அந்தத் துணிச்சலைக் காட்டமாட்டார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. இங்கிலாந்தின் மகளிர் சூப்பர் லீக்கில் 2024-25 பருவத்தில் பன்னிரண்டு அணிகள், ஆளுக்கு 22 ஆட்டங்கள். அதோடு ஒப்பிட்டால் பதினான்கு சொற்பம். பல ஆட்டங்களில் பார்வையாளர் மேடை காலியாகத்தான் கிடக்கிறது. அதைவிட மோசமானது ஒன்றுண்டு. 2024 மார்ச்சில் கோவாவில் இரண்டாம் நிலை லீக் நடந்தபோது, தங்கியிருந்த விடுதியில் சம்மேளனத்தின் செயற்குழு உறுப்பினர் ஒருவர் தங்களைத் தாக்கியதாக ஆட்டக்காரிகள் இருவர் புகார் செய்தார்கள். அவர் கைது செய்யப்பட்டார். சம்மேளனம் அவரை இடைநீக்கம் செய்தது. லீக் வளர்கிறது என்று எழுதும்போது இதையும் எழுதவேண்டும். பெண்களை ஊர் ஊராக அழைத்துப் போகும் போட்டியில், அவர்கள் தூங்கும் அறைக் கதவுக்கு யார் பொறுப்பு என்பது ஆட்ட விதிகளுக்கு முன்பே எழுதப்படவேண்டிய விதி. அந்த இருவரும் வாய்திறந்தார்கள். லீக் இல்லாத காலத்தில் எத்தனை பேர் வாய்திறக்காமல் போனார்களோ!

சியாங் மாய்

2025 ஜூலை 5. தாய்லாந்தின் சியாங் மாய். ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம், இந்தியாவும் தாய்லாந்தும். வெல்பவர் 2026 ஆஸ்திரேலியாவுக்கு. தாய்லாந்து 2015, 2019 என்று இரண்டு உலகக் கிண்ணங்களில் ஆடிய அணி, சொந்த மண், சொந்த ரசிகர்கள். இந்தியா அதுவரை தகுதிச் சுற்றில் ஆடி ஆசியக் கிண்ணத்துக்குள் நுழைந்ததே இல்லை. 2022-இல் போட்டியை நடத்தும் நாடு என்பதால் இடம் கிடைத்தது. அப்போதும் அணியில் கோவிட் பரவி, ஆட 13 பேர்கூடத் தேறாமல் பாதியில் விலக நேர்ந்தது.

29-ஆவது நிமிடத்தில் சங்கீதா பாஸ்ஃபோர் கோல் போட்டார். இடைவேளை முடிந்த கையோடு தாய்லாந்து சமன் செய்தது. 74-ஆவது நிமிடத்தில் மறுபடியும் சங்கீதா. 2-1. நடுவரின் கடைசி விசில் வரை நான் கைப்பேசியைக் கீழே வைக்கவில்லை. அறைத்தோழி எனக்கு என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் பத்திரிகைகளில் "அதிசயம்" என்ற சொல் பலமுறை வந்தது. எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. அன்று இந்தியாவின் தலைமைப் பயிற்றுநராக நின்ற கிறிஸ்பின் சேத்ரி யார்? வீட்டுத் திடல் முறையில் நடந்த முதல் பருவத்தில் ஒடிசா எஃப்சியை வெற்றியாளராக்கியவர். இரண்டு கோல் போட்ட சங்கீதா? சில மாதங்களுக்கு முன்புதான் ஈஸ்ட் பெங்காலுக்காக லீக்கை வென்றவர். அதற்கு முந்தைய இரண்டு பருவங்களை அழித்துவிட்டுப் பார்த்தால்தான் அது அதிசயமாகத் தெரியும். ஒரே வெற்றியை வைத்து லீக்தான் காரணம் என்று அடித்துச் சொல்வது ஆய்வு முறைக்கு ஒத்துவராது. விரிவுரையாளர் சிவப்பு மையால் சுழித்துவிடுவார். ஆனால் பதினெட்டு நாள் லீக் நடந்த ஆண்டுகளில் இப்படியொரு மாலை வரவில்லை என்பதை மட்டும் அவரால் சுழிக்க முடியாது.

சென்ற சனிக்கிழமை பயிற்சி முடிந்து இந்தக் கதையைச் சுருக்கமாக மாணவிகளிடம் சொன்னேன். கடலூர்ப் பெண்கள், காவல்துறைச் சீருடை, தாஷ்கண்டு விடுதி, சியாங் மாய் என்று எல்லாம். தண்ணீர்ப் போத்தலை வாயில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்த இடப்பக்க ஆட்டக்காரி, சங்கீதாவைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன்.

"அந்த முதல் வருஷத்துல எத்தனை டீம் அக்கா?"

"ஆறு."

"நம்ம மாவட்டத்துல எத்தனை பள்ளிக்கூடத்துல பொண்ணுங்க டீம் இருக்கு?"

வருகைப் பதிவேட்டின் பின்பக்கத்தைத் திருப்பி எழுதினோம். பள்ளிகள் மூன்று. எஸ்.பி.எம். முடித்து வீட்டில் இருக்கும் எங்கள் பழைய மாணவிகளைத் திரட்டினால் இன்னோர் அணி. நான்கு. வீட்டுத் திடலில் ஒன்று, வெளித் திடலில் ஒன்று என்று வைத்தால் ஆளுக்கு ஆறு ஆட்டங்கள். ஞாயிறு காலைகளில் திடல்கள் சும்மாதான் கிடக்கின்றன. "பதினெட்டு நாள்ல முடிக்கக் கூடாது," என்றாள் அவள். ஆறு வாரம் என்று எழுதிக்கொண்டோம்.

மற்ற இரண்டு பள்ளிகளின் ஆசிரியர்களுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன். ஒருவர் சரி என்றார். இன்னொருவர் தலைமையாசிரியரிடம் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். பழைய மாணவிகளில் ஒன்பது பேர் வருகிறார்கள். இன்னும் இரண்டு பேர் வேண்டும். நானும் ஆடினால் ஒருவர் போதும். இன்று மாலை புதுக் காலணி பார்க்கப் போகிறேன். நடுவருக்கு ஆட்டத்துக்கு ஐம்பது வெள்ளி யார் தருவது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.